மூக்கு அறுத்ததும் முகம் நிரப்பியதும்

ஒருவரைப் பலர் முன்னால் அவமானப்படுத்துவதைத் தமிழில் 'மூக்கறுத்தல்' என்கிறோம். சொல்லிச் சொல்லி, அந்தச் சொல்லுக்குள் இருக்கும் கத்தியை மறந்துவிட்டோம். ஒரு காலத்தில் அது நிஜமான தண்டனை. இந்தத் துணைக்கண்டத்தின் பல பகுதிகளில், கணவனின் சந்தேகத்துக்கு ஆளான பெண்ணின் மூக்கை அறுக்கும் வழக்கம் இருந்தது. கம்பராமாயணத்தில் தன் ஆசையைச் சொல்ல வந்த சூர்ப்பணகை மூக்கும் காதும் முலைக்காம்பும் இழந்து திரும்புகிறாள். அழகிய உருவம் எடுத்து அவள் நடந்து வருவதைக் கம்பர் விரிவாகப் பாடுகிறார். வகுப்பில் அந்தப் பகுதியை நடத்தும்போது மாணவிகள் சிரிப்பார்கள். அரக்கி ஒருத்தி தன்னை அழகாக்கிக்கொண்டு வருவது அவர்களுக்கு வேடிக்கை. அறுபடும் இடம் வந்ததும் சிரிப்பு நின்றுவிடும்.

பெண் முகத்தின் வரலாற்றை எழுத நினைக்கும்போது எனக்கு இந்த இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. தன்னை அழகாக்கிக்கொள்ளும் பெண்ணைப் பார்த்து எழும் சிரிப்பு ஒன்று. அவள் உடம்பில் விழும் காயம் இன்னொன்று. கடந்த 125 ஆண்டுகளாக முகத்துக்குள் ஊசி வழியே செலுத்தப்பட்டு வந்த பொருள்களின் கதையை இங்கே சொல்லப் போகிறேன். அந்தச் சிரிப்பு எப்படிக் காயத்தை மறைத்துவிடுகிறது என்பதும் இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது.

அறுபட்ட மூக்கைத் திரும்ப வைக்கும் கலை இந்தியாவில் பழையது. கன்னத்துத் தோலை எடுத்து மூக்குச் செய்யும் முறையைச் சுஸ்ருத சம்ஹிதை சொல்கிறது. 1792-இல் முடிந்த மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்புவின் படையிடம் சிக்கி மூக்கை இழந்தார். புனேயில் ஒருவர் நெற்றித் தோலைக் கொண்டு அவருக்கு மூக்கு அமைத்துக் கொடுத்தார். 1794-இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் இந்தச் செய்தி படத்தோடு வந்தது. 1814-இல் ஜோசப் கார்ப்யூ என்ற ஆங்கிலேய மருத்துவர் இதே முறையை லண்டனில் செய்து பார்த்தார். ஐரோப்பா 'இந்திய முறை' என்று இதை இன்றும் குறிப்பிடுகிறது. அந்தப் போரின் முடிவில்தான் தர்மபுரியை உள்ளடக்கிய பாராமகால் கம்பெனியின் கைக்குப் போனது. வண்டிக்காரரின் பெயர் வரலாற்றில் நின்றது. தண்டனையாக மூக்கிழந்து, இப்படி ஒட்டவைத்துக்கொண்ட பெண்களின் பெயர்கள் நிற்கவில்லை.

மெழுகு

அறுத்து ஒட்டுவதற்குப் பதிலாக, ஊசி வழியே எதையாவது செலுத்தி வடிவத்தை மாற்றலாம் என்ற எண்ணம் 1899-இல் வியன்னாவில் வலுப்பெற்றது. ராபர்ட் கெர்சுனி என்ற அறுவை மருத்துவர், காசநோயால் விதையை இழந்த ஓர் இளைஞனுக்கு அந்த இடத்தில் வாசலினைச் செலுத்தினார். பிறகு உருகிய பாரஃபின் மெழுகு வந்தது. மூக்கு, கன்னம், மார்பகம் என்று அடுத்த சில ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது பரவியது. கத்தி வேண்டாம், தழும்பு இல்லை, அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும் என்பதுதான் அதன் கவர்ச்சி. இன்றைய விளம்பரங்களிலும் இதே மூன்று வாக்கியங்கள் இருக்கின்றன.

மெழுகு செலுத்திய இடத்தில் தங்கவில்லை. நகர்ந்தது. சுற்றியுள்ள சதை அதை அந்நியப் பொருளாகக் கண்டு கட்டியாக இறுகியது. அதற்குப் 'பாரஃபினோமா' என்று தனிப் பெயரே வைக்க வேண்டி வந்தது. ரத்தக் குழாய்க்குள் போனபோது பார்வை போனது, உயிரும் போனது. அமெரிக்கப் பெற்றோருக்குப் பாரிஸில் பிறந்து, 1921-இல் மார்ல்பரோ கோமகனை மணந்த கிளாடிஸ் டீக்கன் தன் இருபதுகளின் தொடக்கத்தில், கிரேக்கச் சிலைகளைப் போன்ற நேரான மூக்கு வேண்டும் என்று மெழுகு செலுத்திக்கொண்டார். மெழுகு காலப்போக்கில் இறங்கி முகத்தைச் சிதைத்தது. அவர் பேரழகி என்று எழுதிய அதே உலகம் பிறகு அவரை ஒரு கேலிக்கதையாக மாற்றியது. அவரைப் பற்றிய நூல்களில் அவருடைய 'தற்பெருமை' பேசப்படும் அளவுக்கு ஊசி போட்டவரின் பொறுப்பு பேசப்படவில்லை.

சிலிக்கோன்

மெழுகு கைவிடப்பட்டதும் அடுத்த பொருள் வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எந்திரங்களுக்காக வளர்ந்த சிலிக்கோன் திரவம், போருக்குப் பிந்தைய ஜப்பானில் பெண்களின் மார்பகங்களுக்குள் செலுத்தப்பட்டது. அமெரிக்கப் படைவீரர்களை நம்பிப் பிழைக்க வேண்டியிருந்த பெண்கள் அவர்களில் பலர். தங்கள் உடம்பை வேறொரு நாட்டு ஆண்களின் விருப்பத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டிய நிலை அவர்களுடையது. 1960களில் அது அமெரிக்காவின் லாஸ் வேகஸ் மேடை நடனப் பெண்களிடம் வந்தது. சில ஆண்டுகளில் கட்டிகள், சீழ், நிறம் மாறிய தோல் என்று பாதிப்புகள் தெரிந்தன. சிலருக்கு மார்பகத்தையே அகற்ற வேண்டியதாயிற்று. 1970களில் நெவாடா மாநிலம் சிலிக்கோன் ஊசியைக் குற்றமாக்கியது.

காலவரிசையைக் கவனியுங்கள். முதலில் பொருள் பெண்ணின் உடம்புக்குள் போகிறது. பிறகு வியாபாரம் பெருகுகிறது. பிறகு புண். சட்டம் கடைசியில் வருகிறது. பிரான்சின் பி.ஐ.பி. நிறுவனம் மருத்துவத் தரமில்லாத, தொழிற்சாலைச் சிலிக்கோனை மார்பகப் பைகளில் அடைத்து விற்றது 2010-இல்தான் வெளியே வந்தது. அதற்குள் உலகம் முழுவதும் லட்சக்கணக்கான பெண்களுக்குள் அவை பொருத்தப்பட்டிருந்தன. நிறுவனரை 2013-இல் நீதிமன்றம் தண்டித்தது. ஒவ்வொரு முறையும் பெண்ணுடம்புதான் சோதனைச்சாலையாக இருந்தது. ஆனால் சோதனைச்சாலையில் வைக்கும் பதிவேடு மட்டும் இல்லை.

1934

காவிரியின் குறுக்கே மேட்டூர் அணை 1934-இல் திறக்கப்பட்டது. எங்கள் ஏரியூர்ப் பக்கத்து நிலங்களின் வரலாறு அந்த ஆண்டோடு இரண்டாகப் பிரிகிறது. அணைக்குள் ஊர்கள் போயின. கோடையில் நீர் இறங்கும்போது பழைய கோயிலின் நந்தி தலை காட்டும். அதே 1934-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டுக் கண்ணின் உள்ளே இருக்கும் கூழ்மத்திலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு ஹையலூரானிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள்.

அமிலம் என்றதும் பயப்பட வேண்டாம். நம் தோலிலும் மூட்டுகளிலும் கண்ணிலும் இயல்பாகவே இருப்பது அது. தன் எடையைவிடப் பல மடங்கு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தோலின் ஈரப்பதத்துக்கும் மூட்டின் வழவழப்புக்கும் அது உதவுகிறது. பின்னர் சேவல் கொண்டையிலிருந்து அதை எடுத்தார்கள். இப்போது பெரும்பாலும் நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரிக்கிறார்கள். உடம்பு இதை ஓரிரு நாளில் கரைத்துவிடும் என்பதால், மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பின்னும் வேதிப்பொருள் சேர்த்துக் கூழாக்குகிறார்கள். அப்போது அது சில மாதங்கள் முதல் ஓராண்டுக்கு மேலும் நிற்கும். இதுதான் இன்று 'ஃபில்லர்' என்று விற்கப்படும் நிரப்பிகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது.

இதற்கு முன் 1981-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மாட்டுத் தோலிலிருந்து எடுத்த கொலாஜனை அனுமதித்தது. சிலருக்கு அது ஒவ்வாமை தந்ததால் முன்கூட்டியே கையில் சோதித்துப் பார்த்து, சில வாரம் காத்திருக்க வேண்டும். 2003 டிசம்பரில் ரெஸ்டிலேன் என்ற ஹையலூரானிக் நிரப்பி அனுமதி பெற்றது. காத்திருக்கத் தேவையில்லை. மதிய உணவு இடைவேளையில் போய்விட்டு வரலாம் என்று விளம்பரம் செய்தார்கள். உதடு, கன்னம், கண்ணுக்குக் கீழே உள்ள பள்ளம், மூக்கு, தாடை என்று இடங்கள் கூடிக்கொண்டே போயின. வயது குறைந்துகொண்டே வந்தது. தொடக்கத்தில் நடுவயதுப் பெண்ணின் சுருக்கத்துக்குப் பேசியவர்கள், இன்று இருபது வயதுப் பெண்ணின் 'இன்னும் வராத' சுருக்கத்துக்குப் பேசுகிறார்கள்.

எது ஆபத்து

மெழுகையும் சிலிக்கோனையும்விட ஹையலூரானிக் நிரப்பி மேலானது. ஹையலூரானிடேஸ் என்ற நொதியை ஊசி வழியே செலுத்தினால் அது கரைந்துவிடும். நம் கண் மருத்துவமனைகளில் கண்புரை அறுவையின்போது மரப்பு மருந்தோடு சேர்க்கும் அதே நொதிதான். தவறு நேர்ந்தால் திருத்த வழி இருக்கிறது என்பது இந்த நீண்ட வரலாற்றில் பெரிய முன்னேற்றம். ஆனால் கால்சியம், பாலிலாக்டிக் அமிலம், பி.எம்.எம்.ஏ. போன்றவற்றால் ஆன நிரப்பிகளை இந்த நொதி கரைக்காது. எல்லாவற்றுக்கும் 'ஃபில்லர்' என்ற ஒரே பெயர் இருப்பதால் இந்த வேறுபாடு வாடிக்கையாளருக்குத் தெரிவதில்லை.

ஊசி போட்ட இடத்தில் வீக்கம், கன்றிப்போதல், வலி ஆகியவை பலருக்கும் வரும்; சில நாளில் போகும். கிருமித் தொற்றும், மாதங்கள் கழித்து வரும் கட்டிகளும் அடுத்த படி. எல்லாவற்றிலும் பயங்கரமானது, கூழ் தவறுதலாக ரத்தக் குழாய்க்குள் போய் அதை அடைப்பது. அடைபட்ட இடத்துத் தோல் ரத்தமின்றி அழுகும். முகத்தின் ரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு தொடர்புடையவை. ஊசியின் அழுத்தத்தில் கூழ் பின்னோக்கிப் போய்க் கண்ணின் குழாயை அடைத்தால் பார்வை போய்விடும். பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. 2015-இல் வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்று, அதுவரை உலக மருத்துவ இதழ்களில் பதிவான இத்தகைய 98 பார்வைப் பாதிப்புகளைத் தொகுத்தது. உடம்பின் வேறிடத்திலிருந்து எடுத்துச் செலுத்திய கொழுப்பும், ஹையலூரானிக் போன்ற நிரப்பிகளும் அவற்றில் அடக்கம். புருவங்களுக்கு நடுவிலும் மூக்கிலும் ஊசி போட்டபோதுதான் அதிகம் நேர்ந்திருந்தது. பொட்டு வைக்கும் இடமும் மூக்குத்தி போடும் இடமும் என்று என் மாணவிகளுக்குச் சொன்னேன்.

போடப்படும் ஊசிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் 98 சிறியது. ஆனால் இதழுக்கு வந்தவை மட்டும்தான் அந்த 98. வீட்டு மாடியிலும் பார்லர் உள்ளறையிலும் நடந்தவை எந்த இதழுக்கும் போவதில்லை. ஊசியே இல்லாமல் அழுத்தத்தால் கூழை உதட்டுக்குள் தள்ளும் 'பேனா'க்கள் இணையத்தில் விற்பனைக்கு வந்தன. வாங்கி வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். 2021 அக்டோபரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது.

சென்னை, 2021

நம் ஊர்களில் 'ஃபில்லர்' என்ற சொல்லைப் பலர் முதன்முதலில் கேட்டது 2021 ஏப்ரலில் என்று நினைக்கிறேன். நடிகை ரைசா வில்சன், கண்ணுக்குக் கீழே வீங்கிக் கன்றிப்போன தன் முகத்தின் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டார். சாதாரண முகப் பராமரிப்புக்குப் போன தன்னை, வேண்டாத ஒரு சிகிச்சைக்குச் சென்னைத் தோல் மருத்துவர் ஒருவர் கட்டாயப்படுத்தினார் என்பது அவருடைய குற்றச்சாட்டு. மருத்துவர் மறுத்தார். செய்தது ஃபில்லர் சிகிச்சை என்றும், அந்தக் கன்றல் அதன் இயல்பான பின்விளைவு என்றும், தன் பெயருக்குக் களங்கம் ஏற்பட்டது என்றும் சொன்னார். இழப்பீடு கேட்டு இரு தரப்பும் நோட்டீஸ் வரை போயின.

யார் சொன்னது சரி என்று நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அந்த வாரத்தில் மக்கள் பேசிய விதத்தைப் பற்றிச் சொல்ல முடியும். 'ஏற்கெனவே அழகாய்த்தானே இருந்தாள், எதற்கு இந்த வேலை?' என்ற கேலி, கேட்க வேண்டிய கேள்வியை மூடிவிட்டது. அந்தக் கேள்வி இதுதான்: ஊசி போடுவதற்கு முன் என்ன பொருள், என்ன பின்விளைவு, வேறு வழி என்ன என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லப்பட்டதா? அவள் சம்மதித்தாளா?

இதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கியது. சோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பெண்ணின் கருப்பை, வெளியே இருந்த தாயின் சம்மதத்தைப் பெற்று அகற்றப்பட்டது. சுயநினைவு திரும்பிப் பதில் சொல்லும் நிலையில் இருக்கப்போகும் பெண்ணுக்குப் பதிலாக வேறொருவர் சம்மதிக்க முடியாது, ஒரு சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது என்றது நீதிமன்றம். உயிர் போகும் அவசரம் இருந்தால் மட்டும் விதிவிலக்கு. முகத்துக்கு ஃபில்லர் போடுவதில் அப்படி எந்த அவசரமும் இருக்க முடியாது. ஆகவே சம்மதம் வெறும் கையெழுத்தாக இருந்தால் போதாது.

இது பெண்களின் 'அழகு மோகம்' பற்றிய பிரச்சினை என்போருக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். 2016-இல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போய் உயிரிழந்தவர் மருத்துவக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர். 2022 மே மாதம் பெங்களூருவில் கொழுப்பு நீக்கும் அறுவைக்குப் பிறகு உயிரிழந்த கன்னட நடிகை சேத்தனா ராஜுக்கு வயது 21. ஆண் இறந்தபோது 'இத்தகைய நிலையங்களுக்கு அனுமதி உண்டா?' என்று கேட்டோம். நடிகை இறந்தபோது 'ஏன் போனாள்?' என்றும் கேட்டோம். அதே 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் முடி நடுதல் உள்ளிட்ட அழகுச் சிகிச்சைகளை முறையாகப் பயின்றவர்களே செய்ய வேண்டும் என்று வழிகாட்டுதல் தந்தது. யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்வது பயிற்சி ஆகாது என்று அதில் எழுத வேண்டியிருந்தது.

ஏரியூருக்கு எப்படி வருகிறது

பென்னாகரத்துக்குத் தெற்கே, மேட்டூர் நீர்த்தேக்கத்தை ஒட்டிய ஏரியூரில் ஃபில்லர் போடும் இடம் இல்லை. அதனால் இது நகரத்துப் பணக்காரப் பெண்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியுமா? எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்குப் போவது பெங்களூருவுக்கும் திருப்பூருக்கும் ஓசூருக்கும். கைப்பேசி இங்கேயே இருக்கிறது. கல்யாணச் சந்தையும் இங்கேயே இருக்கிறது.

எங்கள் மாவட்டத்தில் முகம் பற்றிய கவலைக்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. தர்மபுரியின் பாறைகளில் ஃபுளோரைடு அதிகம். ஆழ்துளைக் கிணற்று நீரில் அது கரைந்து வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது வரையறை. அதற்கு மேல் குடித்து வளரும் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை விழும். காலப்போக்கில் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் பெண்களை நான் சிறு வயதிலிருந்து பார்க்கிறேன். பெண் பார்க்க வந்த வீட்டில் 'பொண்ணு வாயே தொறக்கல' என்று அடக்கத்துக்குப் புகழ்வார்கள். அவள் வாய் திறக்காததற்குக் காரணம் அடக்கம் இல்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு ஜப்பான் கடனுதவியோடு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013-இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. காவிரி நீர் குழாயில் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளின் சிரிப்பு மாறியிருக்கிறது. ஒரு முகக் குறை என்று பெண் தனியாகச் சுமந்தது, அரசு சரிசெய்ய வேண்டிய குடிநீர்ப் பிரச்சினையாக இருந்தது. இதை நான் பெரிய பாடமாகக் கருதுகிறேன்.

ஊசிக்கு முன்பே களிம்பு வந்துவிட்டது. சங்கப் பாடல்கள் தலைவியின் நிறத்தை மாமை என்று, மாந்தளிரின் நிறமாகக் கொண்டாடின. 1975-இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' சந்தைக்கு வந்தபோது வெளுப்புதான் நிறம் என்றாகிவிட்டது. 2009-இல் சென்னையிலிருந்து 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 'கறுப்பு அழகு' என்று இயக்கம் நடத்தியது. 2020-இல் அந்தக் களிம்பு தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுத்தது. பெயர் போனது, ஆசை போகவில்லை. மருந்துக்கடையில் கேட்டதும் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளை மாதக்கணக்கில் தடவி, முகம் சிவந்து எரிந்து, மெல்லிய காகிதம் போலான தோலோடு வரும் பெண்களைத் தோல் மருத்துவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். 2018-இல் ஒன்றிய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. 2023-இல் கேரளத்தின் மலப்புரத்தில், வெளுப்பாக்கும் களிம்பு பூசியவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு வந்ததை மருத்துவர்கள் கண்டார்கள். பாதரசம்தான் காரணமாகச் சுட்டப்பட்டது.

'ஒரு ஊசி போட்டு உடுங்க' என்று கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாத்திரை மட்டும் தரும் டாக்டரை நம்ப மாட்டார்கள். இந்த நம்பிக்கையில்தான் பட்டமில்லாத ஊசிக்காரர்கள் பிழைக்கிறார்கள். போலி மருத்துவர் கைது என்ற செய்தி தர்மபுரி மாவட்டத்தில் புதிதில்லை. கருவில் இருப்பது பெண்ணா என்று பார்க்க, கையடக்க ஸ்கேன் கருவியோடு ஊர் ஊராகப் போனவர்களும் இங்கே பிடிபட்டிருக்கிறார்கள். பெண்ணைப் பிறக்க விடாத கருவியும் பிறந்தவளைத் 'திருத்தும்' ஊசியும் ஒரே சந்தையில் புழங்குகின்றன. வாங்குகிறவர்களின் பயமும் ஒன்றே: பெண் என்றால் செலவு.

இரண்டு வாசல்கள்

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் பிளாஸ்டிக் அறுவைப் பிரிவு, மார்பக அளவைக் கூட்டவும் குறைக்கவும் இலவச அறுவை செய்யும் செய்தி வந்தது. ஏழைகளுக்கு மட்டும் அழகுச் சிகிச்சை ஏன் கிடைக்கக் கூடாது, நாம் தராவிட்டால் ஆபத்தான வழிகளைத் தேடுவார்கள் அல்லது கடன் வாங்குவார்கள் என்ற பொருளில் அன்றைய சுகாதார அமைச்சர் பேசினார். அரசுப் பணத்தை உயிர் காக்கும் சிகிச்சைகளுக்குத்தான் செலவிட வேண்டும் என்று பொதுசுகாதாரத் துறை சார்ந்தவர்கள் எதிர்த்தார்கள். பெரிய மார்பகத்தின் பாரத்தால் தோளும் முதுகும் நோகும் பெண்ணை 'அழகுக்கு வந்தவள்' என்ற சொல் எப்படி மறைக்கிறது என்பதும் அந்த விவாதத்தில் தெரிந்தது.

பெண்ணியவாதிகளுக்கும் இது எளிய கேள்வி இல்லை. சமூகம் திணித்த அழகை அரசே தைத்துக் கொடுக்கலாமா என்ற தயக்கம் நியாயமானது. ஆனால் அமைச்சரின் இரண்டாவது வாதத்தைத் தள்ளிவிட முடியாது. தமிழ்நாட்டிலேயே அதற்குச் சான்று உண்டு. மறைவில், மயக்க மருந்தும் மருத்துவரும் இல்லாமல் தங்கள் உடம்பை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்த திருநங்கைகளுக்கு 2008-இல் நல வாரியம் அமைந்தது. அதையொட்டி அரசு மருத்துவமனைகளில் பாலின மாற்று அறுவை இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. உடம்பை மாற்ற நினைத்தவர்களை யாரும் திருத்தவில்லை. அறுவை நடக்கும் இடத்தைத் திருத்தினார்கள். அதனால் உயிர்கள் பிழைத்தன.

அழகின் அளவுகோலை எதிர்த்து எழுதுவதும், அந்த அளவுகோலுக்கு முன் நிற்கும் பெண் கண் இழக்காமல் இருக்கப் போராடுவதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று நான் நினைக்கவில்லை. முன்னதை மட்டும் செய்தால், காயம்பட்டவளிடம் 'நான் அப்போதே சொன்னேனே' என்பதைத் தவிர நமக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

கேட்க வேண்டியவை

1940-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுப் பொருள் சட்டம், பூசுவது தெளிப்பது உள்ளிட்ட வழிகளில் தோற்றத்தை மாற்றப் பயன்படுவதை அழகுப் பொருள் என்கிறது. தோலுக்குள் ஊசியால் செலுத்தும் நிரப்பி பவுடரைப் போல ஓர் அழகுப் பொருள் ஆகாது. மருத்துவக் கருவிகள் விதிகள் 2017-இன் கீழ், உரிமம் தேவைப்படும் மருத்துவக் கருவியாக அது வருகிறது. தமிழ்நாட்டில் மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் 1997-ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் முறைப்படுத்தும் சட்டத்தின்படி பதிவு பெற வேண்டும். அழகு நிலையத்தின் பெயர்ப்பலகை இந்தப் பதிவுக்கு ஈடாகாது.

எனவே ஊசி போட்டுக்கொள்ள முடிவு செய்யும் பெண் சில கேள்விகளைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். போடப் போகிறவர் பதிவு பெற்ற மருத்துவரா, பதிவு எண் என்ன? பொருளின் பெயர் என்ன, கரைக்கக் கூடியதா? உறை என் முன்னால் பிரிக்கப்படுமா? தொகுதி எண் உள்ள ஒட்டுச்சீட்டை எனக்குத் தருவீர்களா? கரைக்கும் நொதி இப்போது இந்த அறையில் இருக்கிறதா? இரவில் வலி வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும்? கர்ப்பமாக இருப்பவர்களும் பாலூட்டுகிறவர்களும் தள்ளிப்போட வேண்டும். ரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்களும், போட வேண்டிய இடத்தில் பருவோ புண்ணோ இருப்பவர்களும் அதை முதலில் சொல்ல வேண்டும்.

ஊசி போட்ட பிறகு தாங்க முடியாத வலி, தோல் வெளிறுதல், வலை பின்னியது போல நீலம் பாய்தல், பார்வை மங்குதல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் 'வீக்கம்தான், காலையில் சரியாகிவிடும்' என்று படுக்கக் கூடாது. நேரம் போகப் போகத் தோலும் கண்ணும் மீளும் வாய்ப்புக் குறையும். வீட்டில் சொல்லாமல் போட்டுக்கொண்டவர்கள்தான் அதிகம் தாமதிப்பார்கள். திட்டு விழும் என்ற பயம் கண்ணைப் பறித்துவிடக் கூடாது. தோழியிடமாவது முன்பே சொல்லி வையுங்கள்.

தவறு நேர்ந்தால் புகார் சொல்ல இடங்கள் இருக்கின்றன. மருத்துவர் மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் தரலாம். பதிவில்லாத நிலையத்தைப் பற்றி மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடம் எழுதலாம். 1995-இல் உச்ச நீதிமன்றம் கட்டணம் பெறும் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்ததால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ரசீது வேண்டும், சிகிச்சைக் குறிப்பின் நகல் வேண்டும், முன்னும் பின்னும் எடுத்த படங்கள் வேண்டும்.

இன்னொன்றும் செய்யலாம். மருத்துவக் கருவிகளால் நேரும் பாதிப்புகளைப் பதிவு செய்ய இந்திய மருந்தியல் ஆணையத்தின் கீழ் 2015 முதல் ஒரு தேசியத் திட்டம் இயங்குகிறது. மருத்துவர் மட்டுமல்லாமல் பாதிக்கப்பட்டவரும் அதற்கு எழுதலாம். கிளாடிஸ் டீக்கனின் மெழுகையும் ஜப்பானியப் பெண்களின் சிலிக்கோனையும் அந்தந்தக் காலத்தில் யாரும் எண்ணி வைக்கவில்லை. அதனால்தான் அடுத்த பொருள் வரும்போது ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. நம் காலத்துப் பெண்களின் காயங்களாவது எண்ணப்பட வேண்டும். வீங்கிய முகத்தோடு வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் பெண் உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவள் ஏன் போனாள் என்று கேட்காதீர்கள். அந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டு போய் அவளோடு உட்கார்ந்து நிரப்புங்கள்.